பால் பொருக்கும் பழி சுமந்த அம்மாக்களும்

கைக்குழந்தைக்கு மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆகியிருக்கும். திடீரென்று கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று ஆகிவிடும். பிறகு நீர் கசியும், காயும், பொருக்குத் தட்டும். ராத்திரி முழுக்கக் குழந்தை கன்னத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டு அழும். பார்க்க வருகிறவர்கள் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்ததாகப் பார்ப்பது அதன் அம்மாவைத்தான். "நீ என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார்கள்.

தமிழில் இதற்குக் கரப்பான் என்று பெயர். கத்திரிக்காயும் கருவாடும் 'கரப்பான் பண்டம்' என்று சொல்லி, பால் கொடுக்கிற பெண்ணின் தட்டிலிருந்து எடுத்துவிடுவது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் எக்ஸிமா என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் இந்த வகைக்கு அடோபிக் டெர்மடைடிஸ் என்று தனிப் பெயரும் உண்டு.

அம்மாவைக் கேள்வி கேட்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்தால் அது தப்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்த டாக்டர்களே இருநூறு வருஷங்களுக்கு மேல் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். முதலில் தாயின் பால் கெட்டது என்றார்கள். அப்புறம் பால் கொடுக்காததுதான் தப்பு என்றார்கள். அதற்கும் அப்புறம், தாய்க்குக் குழந்தை மேல் பாசமே இல்லை என்றுகூட எழுதினார்கள்! எக்ஸிமாவின் சரித்திரத்தில் பாதி தோலைப் பற்றியது என்றால் மீதிப் பாதி அம்மாக்களைப் பற்றியது.

முதலில் பெயரைப் பார்ப்போம். எக்ஸிமா என்பது கிரேக்கச் சொல். 'கொதித்துப் பொங்கி வெளியே வருவது' என்று பொருள். அடுப்பில் பால் பொங்குவது போலத் தோலில் கொப்புளம் பொங்குகிறது என்று யாரோ ஒரு கிரேக்கர் நினைத்திருக்க வேண்டும். 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏட்டியஸ் என்ற மருத்துவரின் நூலில் இந்தச் சொல் வருகிறது. அவர் பிறந்த அமிதா என்ற ஊர் இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிர். ஆனால் அவர் சொன்ன எக்ஸிமாவும் இன்று நாம் சொல்கிற எக்ஸிமாவும் ஒன்றுதானா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது. கொப்புளமாக வருகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

இதைவிடச் சுவாரசியமான ஒரு சாட்சி ரோமப் பேரரசர் அகஸ்டஸ். அவருடைய வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ், பேரரசருக்கு உடம்பில் பல இடங்களில் தோல் தடித்துப் போயிருந்தது என்றும், அரிப்பு தாங்காமல் குளியலறைச் சுரண்டியால் ஓயாமல் பலமாகத் தேய்த்துக்கொண்டதால் அப்படி ஆனது என்றும் குறிப்பிடுகிறார். தெற்குக் காற்று வீசும் பருவத்தில் அவருக்குச் சளித் தொல்லையும் உண்டாம். அரிப்பு, தடித்த தோல், பருவத்துக்குப் பருவம் மூக்கடைப்பு மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததை வைத்து, இதுதான் எழுத்தில் பதிவான முதல் அடோபி நோயாளி என்று சில தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு நோய் கண்டுபிடிப்பது கொஞ்சம் விளையாட்டுத்தனமான காரியம்தான். இருந்தாலும் உலகத்தை ஆண்டவராலும் சொறியாமல் இருக்க முடியவில்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருவதற்கு ஐரோப்பாவில் தனிப் பெயர் இருந்தது. லத்தீனில் 'க்ரஸ்டா லாக்டியா', அதாவது பால் பொருக்கு. ஜெர்மன்காரர்கள் இன்றும் மில்ஷோர்ஃப் என்று அதே பொருளில்தான் சொல்கிறார்கள். காய்ந்த பொருக்கு, பாத்திரத்தில் பால் தீய்ந்து ஒட்டிக்கொண்டது போல மஞ்சளாக இருக்கும். பால் குடிக்கிற வயதுக் குழந்தைக்குத்தான் வரும். அப்புறம் என்ன, பால்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றைய மருத்துவம் உடம்பில் ஓடும் நான்கு நீர்களின் சமநிலையை நம்பியது. ஒரு நீர் கெட்டால் உடம்பு அதை எப்படியாவது வெளியே தள்ளப் பார்க்கும். குழந்தையின் கன்னத்தில் கசிவது கெட்டுப்போன பாலின் அழுக்கு. அது வெளியே வருவது நல்லது! எனவே அதை ஆற்றக் கூடாது. ஆற்றினால் அழுக்கு உள்ளே திரும்பி மூளைக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். 'அமுக்கிவிட்டால் உள்ளே போய்விடும்' என்று நம்மூர்ப் பாட்டிகள் சொல்வதும் இதே கணக்குத்தான். இதனால் அரித்து அரித்து அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு, மருந்து போடாமல் இருப்பதே நல்ல வைத்தியம் என்று பெரிய பெரிய டாக்டர்கள் சொன்னார்கள்.

சிரிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது எக்ஸிமா வந்த பிள்ளைகளில் பலருக்கு மூன்று, நான்கு வயதில் தோல் தேறிவிடும். அவர்களில் சிலருக்கு அதற்குப் பிறகு ஆஸ்துமா வரும். தோலில் இருந்தது மறைந்தது, மூச்சிரைப்பு ஆரம்பித்தது. அழுக்கு உள்ளே போய்விட்டது என்று எவனுக்குத்தான் தோன்றாது? இந்த வரிசையை இன்றைய மருத்துவமும் ஒத்துக்கொண்டு 'அடோபிக் அணிவகுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது. பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 1714ல் டேனியல் டர்னர் என்பவர் தோல் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் தோல் மருத்துவ நூல் என்று அதைச் சொல்வார்கள். அதில், கர்ப்பமாக இருக்கும் பெண் எதையாவது கண்டு பயந்தாலோ எதற்காவது ஆசைப்பட்டாலோ அது குழந்தையின் தோலில் மச்சமாக, தழும்பாகப் பதிந்துவிடும் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். 1726ல் மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண், கர்ப்ப காலத்தில் முயலைத் துரத்தி ஏமாந்ததால் தனக்கு முயல் குட்டிகளாகப் பிறக்கின்றன என்று சொல்ல, அரசரின் அறுவை மருத்துவரே அதை நம்பிவிட்டார். பிறகு மோசடி என்று தெரிந்து லண்டன் முழுக்கச் சிரித்தது. மறு வருஷம் ஜேம்ஸ் ப்ளாண்டெல் என்ற மருத்துவர், தாயின் கற்பனைக்குக் குழந்தையின் தோலை மாற்றும் சக்தி கிடையாது என்று பெயர் போடாமல் ஒரு நூல் எழுதினார். டர்னர் விடவில்லை, பதில் எழுதினார். இது எக்ஸிமா பற்றிய சண்டை இல்லைதான். ஆனால் குழந்தையின் தோலில் எது தெரிந்தாலும் தாயின் வயிற்றிலோ மனசிலோ காரணம் தேடுவது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று இதில் தெரிகிறது.

தோலைத் தோலாகப் பார்க்க ஆரம்பித்தவர் ராபர்ட் வில்லன் (1757–1812). யார்க்ஷயரில் பிறந்து லண்டனில் கேரி தெருவில் இருந்த ஏழைகள் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அங்கே வந்த கூட்டத்தில் விதவிதமான தோல் நோய்களைப் பார்த்து, காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்துப் பிரிப்போம் என்று முடிவு செய்தார். பரு, செதில், தடிப்பு, கொப்புளம், சீழ்க்கட்டி என்று மொத்தம் எட்டு வகை. 1808ல் அவருடைய பெரிய நூல் வந்தது. முடிப்பதற்குள் இறந்துவிட்டதால், மாணவர் தாமஸ் பேட்மன் 1813ல் ஆசிரியரின் முறையை ஒரு கைநூலாக முடித்துக் கொடுத்தார்.

இதில் ஒரு வினோதம். வில்லன் முறையில் எக்ஸிமா சிறு கொப்புள வகையில் வந்தது; வெயிலாலோ பாதரச மருந்தாலோ பெரியவர்களுக்கு வரும் நோய் அது. குழந்தைகளின் பால் பொருக்கோ சீழ்க்கட்டி வகையில் வேறொரு பெயரோடு போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெயரின் பிற்பாதிக்கு முகமூடி போன்றது என்று அர்த்தம். ஒரே நோயின் இரண்டு முகங்கள் இரண்டு அலமாரியில் வைக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்துப் பிரித்தால் வருகிற சங்கடம் இது.

அந்த அலமாரியைக் கலைத்தவர் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா. மொராவியாவில் இருக்கும் ப்ருனோ நகரத்தில் 1816ல் பிறந்தவர். வியன்னா பொது மருத்துவமனையில் சொறி சிரங்கு வார்டு என்றால் அப்போது யாரும் விரும்பாத இடம். இளைஞரான ஹெப்ராவை அங்கே அனுப்பினார்கள். வார்டு நிறைய சிரங்கு நோயாளிகள். சிரங்குக்குக் காரணம் கெட்ட ரத்தம் என்றுதான் அங்கேயும் பேச்சு. ஆனால் 1834லேயே ரெனுச்சி என்ற கோர்சிகா தீவு மாணவர் பாரிஸில் எல்லாரும் பார்க்க ஒரு ஊசி முனையில் சிரங்குப் பூச்சியை எடுத்துக் காட்டியிருந்தார். கிராமத்துப் பெண்கள் ஊசியால் பூச்சி எடுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தையாம் அது. ஹெப்ரா பூச்சியைத் தன் உடம்பிலேயே விட்டுப் பார்த்தார். சிரங்கு வந்தது. பூச்சியைக் கொன்றார், போய்விட்டது. நுரையீரலுக்கும் போகவில்லை, மூளைக்கும் போகவில்லை.

அடுத்து எக்ஸிமா. நேர்வாள எண்ணெய் தெரியும் அல்லவா, பேதிக்குக் கொடுக்கிற அந்தக் காரமான எண்ணெய். அதைத் தோலில் தடவிப் பார்த்தார் ஹெப்ரா. முதலில் சிவந்தது, பிறகு சிறு பரு, பிறகு கொப்புளம், நீர்க் கசிவு, சில இடத்தில் சீழ், கடைசியில் பொருக்கு, செதில். வில்லன் தனித்தனி நோயாகப் பிரித்து வைத்த அத்தனையும் ஒரே தோலில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன! எக்ஸிமா என்பது ஒரே நோய்தான், இவையெல்லாம் அதன் படிகள் என்று இதிலிருந்து சொன்னார். அழுக்கு நீர் எதுவும் வெளியேறவில்லை, ஆகவே தைரியமாக மருந்து போட்டு ஆற்றுங்கள் என்றார். அவர் போட்ட ஈயக் களிம்பை இன்று எந்த டாக்டரும் குழந்தைக்குப் போட மாட்டார், ஈயம் விஷம். ஆனால் ஆற்றலாம் என்று சொன்னதே அன்றைக்குப் பெரிய விஷயம். பிரசவ வார்டில் டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்று சொன்ன செம்மல்வைஸின் கண்டுபிடிப்பை முதலில் பத்திரிகையில் அறிவித்தவரும் இதே ஹெப்ராதான்.

ஹெப்ராவுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் இருந்தது. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரும் எரிச்சலாகவே பார்த்தார். அப்படியென்றால் ஒரே சோப்பு, ஒரே துணி, ஒரே வீடு, ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் வருகிறது? இந்தக் கேள்வியை எடுத்தவர் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் இருந்த எர்னஸ்ட் பெனியே. 1892ல் அவர் விவரித்த நோயாளிகளுக்குச் சிறு வயதிலேயே அரிப்பு ஆரம்பிக்கிறது, வருஷக்கணக்கில் வந்து வந்து போகிறது, குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கிறது, கூடவே ஆஸ்துமாவோ மகரந்தத் தும்மலோ இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தார். முதலில் வருவது அரிப்பு. தோலில் தெரிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அலர்ஜி வந்தது. அந்தச் சொல்லை 1906ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் க்ளெமென்ஸ் ஃபான் பிர்கே. 1921ல் ஜெர்மனியில் ப்ரௌஸ்னிட்ஸ், க்யூஸ்ட்னர் என்ற இருவர் செய்த பரிசோதனை பிரசித்தம். க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவர் ரத்தத்தின் தெளிநீரைப் ப்ரௌஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஏற்ற, அந்த இடம் தடித்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிட்டது. அது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்று தெரிய 1960களின் பிற்பகுதி வரை ஆனது. இடையில் 1923ல் அமெரிக்காவின் கோகாவும் குக்கும் இப்படிக் குடும்பமாக வரும் நோய்களுக்கு ஒரு சொல் தேடி, கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரைக் கேட்டார்கள். அவர் கொடுத்த சொல் அடோபி, 'இடம் பொருந்தாதது', 'விசித்திரமானது'. 1933ல் வைஸும் சுல்ஸ்பெர்கரும் சேர்ந்து நோய்க்கு அடோபிக் டெர்மடைடிஸ் என்று பெயர் சூட்டினார்கள். விசித்திரத் தோல் அழற்சி! பெயர் வைத்தவர்களுக்கே காரணம் புரியவில்லை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அலர்ஜி என்றதும் பார்வை திரும்பவும் சாப்பாட்டுக்குப் போனது. தோலில் கீறி முட்டை, பால், கோதுமை என்று சொட்டுச் சொட்டாக வைத்துச் சோதித்தார்கள். தடித்தால் அந்த உணவு கிடையாது. 1929ல் பாஸ்டனில் ஹில், ஸ்டூவர்ட் என்ற இரு மருத்துவர்கள் பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு சோயாவில் உணவு தயாரித்துக் கொடுத்தார்கள். நிஜமாகவே பால் அலர்ஜி இருந்த குழந்தைகள் இதனால் பிழைத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் கீறல் சோதனையில் தடித்த எல்லா உணவும் எக்ஸிமாவுக்குக் காரணம் இல்லை என்பது அப்போது தெரியாது. ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, தோலும் ஆறாமல் உடம்பும் இளைத்த குழந்தைகள் இருந்தார்கள்.

1936ல் சிகாகோவிலிருந்து க்ரூலி, சான்ஃபோர்ட் இருவரும் 20,061 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். பசும்பால் குடித்த குழந்தைகளுக்கு எக்ஸிமா, தாய்ப்பால் குடித்தவர்களைவிட ஏழு மடங்கு! தாய்ப்பால் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய வித்தியாசம் பிற்கால ஆய்வுகளில் மறுபடி தென்படவில்லை. நூறு வருஷம் முன்னால் தாயின் பாலால்தான் பொருக்கு வந்தது. இப்போது தாய்ப்பால் கொடுக்காததால் வந்தது. பழி மட்டும் வீட்டை மாற்றவில்லை.

குழந்தையின் நிலை என்ன? சொறியாமல் இருக்க முழங்கையை மடக்க முடியாதபடி அட்டைக் குழாய் மாட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைக் கட்டிப் போட்டார்கள். முகத்தில் தார்க் களிம்பு தடவித் துணி முகமூடி போட்டார்கள். வார்டில் சேர்த்த சில குழந்தைகள் திடீரென்று காய்ச்சல் கண்டு இறந்தும் போனார்கள். ஜெர்மன் மருத்துவர்கள் இதற்கு 'எக்ஸிமா மரணம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆற்றியதால் அழுக்கு உள்ளே போய்க் கொன்றது என்ற பழைய பயத்துக்கு இது சாட்சியாகப் போயிற்று. உண்மையில் புண்ணான தோல் வழியாக நெருக்கமான வார்டில் கிருமி நுழைந்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று பிறகு புரிந்தது.

இத்தனைக்கும் மேல் வந்தது மனோதத்துவம். 1948ல் மில்லர், பாருக் இருவரும் அலர்ஜி உள்ள 63 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தாயின் நிராகரிப்பு என்று இருந்தது. 1951ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற புகழ்பெற்ற உளவியல் மருத்துவர், பெண் கைதிகளும் அவர்களுடைய குழந்தைகளும் இருந்த ஒரு சிறைக் காப்பகத்தில் கவனித்ததை வைத்து, எக்ஸிமா வரும் குழந்தையின் தாய்க்கு அடிமனசில் வெறுப்பு இருக்கிறது, அது கவலை என்ற வேஷம் போட்டு வருகிறது, அவள் குழந்தையைத் தொடவே தயங்குகிறாள் என்றார். தொட்டால் குழந்தை எரிச்சலில் அலறுகிறது. ராத்திரி பூராத் தூக்கம் இல்லை. சிறையில் இருக்கிற சின்ன வயசுப் பெண். அவள் கவலைப்படாமலும் தயங்காமலும் இருந்தால்தான் ஆச்சரியம். விளைவைப் பிடித்துக் காரணம் என்று எழுதிவிட்டார். ஆனால் அவர் பெயர் பெரியது. குழந்தையின் தோலுக்காக டாக்டரிடம் போய், தன் மனசைப் பற்றிய குற்றச்சாட்டோடு திரும்பிய தாய்மார்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள்.

அதே வருஷங்களில் இந்தக் குழந்தைகளுக்கு நிஜமான ஆபத்து ஒன்று வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது பெரியம்மைத் தடுப்பூசி. ஆரோக்கியமான குழந்தைக்குக் கையில் ஒரு கொப்புளம் வந்து ஆறிவிடும். எக்ஸிமா உள்ள குழந்தைக்கோ அந்த ஊசியின் வைரஸ் புண்ணான தோல் முழுக்கப் பரவிவிடும். ஊசி அந்தக் குழந்தைக்குப் போட வேண்டும் என்றுகூட இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ போட்டிருந்தால் போதும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பழைய கணக்குகளில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறந்திருக்கிறார்கள்.

இதில் முக்கியமான பெயர் ஹென்றி கெம்ப். ப்ரெஸ்லாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன யூதர். தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை இந்தக் குழந்தைகளுக்கு ஏற்றிக் காப்பாற்றலாம் என்று காட்டினார். அவர் கொடுத்த கணக்கில் இறப்பு 7 சதவீதமாகக் குறைந்தது. இங்கேதான் சென்னை கதைக்குள் வருகிறது. பெரியம்மை நோயாளிகளோடு பழகியவர்களுக்கு இதே புரதம் பாதுகாப்புத் தருமா என்று பார்க்க 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் கெம்ப் குழுவினர் வந்த இடம் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவ் அங்கே பெரியம்மையைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அனுபவம் உள்ளவர். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள்.

பெரியம்மை இருக்கும் சென்னையில் தடுப்பூசியின் அபாயம் சின்னது, நோய் பெரியது. பெரியம்மையே இல்லாத அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். 1965லேயே கெம்ப் அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னார். பலருக்குக் கோபம். 1968ல் அமெரிக்க அரசே எடுத்த கணக்கெடுப்பில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்ட வருஷத்தில் எக்ஸிமா தோலில் வைரஸ் பரவியவர்கள் 126 பேர். அதில் 60 பேர் ஊசியே போடாதவர்கள், பக்கத்தில் இருந்ததால் வந்தது. 1971ல் வழக்கமாகப் போடுவதை நிறுத்தச் சொல்லி அரசு பரிந்துரைத்தது. கதை அதோடு முடியவில்லை. 2007ல், ராணுவத்தில் ஊசி போட்டுக்கொண்டு லீவில் வீட்டுக்கு வந்த ஒரு அமெரிக்க வீரரின் இரண்டு வயது மகனுக்கு இது வந்து, பல வாரம் சிகாகோ ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அந்தப் பிள்ளைக்கும் முன்பே எக்ஸிமா இருந்தது.

சிகிச்சையில் நிஜமான திருப்பம் 1952. மூட்டுவாதத்துக்குக் கார்ட்டிசோன் 1948ல் அற்புதம் செய்திருந்தது, 1950ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதைக் களிம்பாக்கித் தோலில் தடவினால் பலன் இல்லை. சுல்ஸ்பெர்கரும் விட்டனும் அதன் உறவுக்காரப் பொருளான 'காம்பவுண்ட் எஃப்', அதாவது ஹைட்ரோகார்ட்டிசோனைத் தடவிப் பார்த்தார்கள். வேலை செய்தது! கட்டிப் போட்ட கைகளை அவிழ்த்துவிட்டது உளவியல் அல்ல, இந்தக் களிம்புதான். பிறகு அதைவிடப் பல மடங்கு வீரியமான களிம்புகள் வந்தன. அவற்றை முகத்தில் மாதக்கணக்கில் தடவித் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிந்தவர்கள் பெருகினார்கள். 'ஸ்டீராய்டு' என்றாலே நடுங்கும் பெற்றோர் ஒரு பக்கம், சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து மருந்துக்கடையில் தானே வாங்கிப் பூசுகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்தியாவில் 2018ல்தான் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணை வந்தது. குழந்தைக்கு வீரியம் குறைந்த களிம்பை, சொன்ன நாள் மட்டும், சொன்ன அளவு மட்டும் போட்டால் பயப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. பயந்து கொஞ்சூண்டு தடவுவதால் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிற கேஸ்கள்தான் அதிகம்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு நல்ல பதில் 2006ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து வந்தது. தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு சுண்ணாம்புக் காரை. செங்கலைக் கெட்டியாக்கி, பிறகு தானே உடைந்து தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது ஃபிலாக்ரின் என்ற புரதம். அதன் மரபணு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியது போல இருப்பதால் படிப்பதே கஷ்டம். இர்வின் மெக்லீன் குழுவினர் படித்தார்கள். முதலில், மீன் செதில் போல வறண்டு உரியும் ஒரு தோல் நோய்க்கு இந்த மரபணுக் கோளாறு காரணம் என்று கண்டார்கள். அதே வருஷம், எக்ஸிமாவுக்கும் இதுவே மிகப் பெரிய மரபணுக் காரணம் என்று தெரிந்தது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இந்தக் கோளாறு இருக்கிறது. கோளாறு உள்ள எல்லாருக்கும் எக்ஸிமா வருவதில்லை, எக்ஸிமா உள்ள எல்லாரிடமும் கோளாறும் இல்லை. மற்ற இனங்களில் கோளாறின் வடிவம் வேறு. ஆனாலும் சுவரில் ஓட்டை இருக்கிறது என்பது நிச்சயமானது. ஈரம் வெளியே போகிறது, எரிச்சல் தரும் பொருள்கள் உள்ளே வருகின்றன, உடம்பு அவற்றோடு சண்டை போடுகிறது, அரிக்கிறது, சொறிந்தால் ஓட்டை பெரிதாகிறது. ஹெப்ராவும் பெனியேயும் ஆளுக்குப் பாதி சரி. இந்த மரபணு அம்மாவிடமிருந்து வர எவ்வளவு வாய்ப்போ, அப்பாவிடமிருந்து வரவும் அவ்வளவே வாய்ப்பு.

சாப்பாட்டுக் கதையும் தலைகீழானது. கிடியன் லாக் என்ற லண்டன் மருத்துவர் 2003ல் ஒரு விஷயம் சொன்னார்: கைக்குழந்தையின் புண்ணான தோலில் வேர்க்கடலை எண்ணெய் கலந்த க்ரீம் தடவியிருந்தால் பிறகு வேர்க்கடலை அலர்ஜி அதிகம் காணப்படுகிறது. சாப்பிட்டதால் தோல் கெட்டது என்று நூறு வருஷமாகச் சொன்னார்கள். தோல் கெட்டதால்தான் சாப்பாடு ஆகாமல் போகிறது என்றால்? 2015ல் அவர் குழு, கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்த சோதனையின் முடிவை வெளியிட்டது. ஐந்து வயது வரை வேர்க்கடலையே கொடுக்காத பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேருக்கு அலர்ஜி. 4 முதல் 11 மாதத்துக்குள் ஆரம்பித்துத் தொடர்ந்து கொடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். (முழுக் கடலையைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். கடும் எக்ஸிமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவும் கூடாது.)

அப்படியானால் பிறந்த நாளிலிருந்து க்ரீம் தடவிச் சுவரைப் பூசிவிட்டால் எக்ஸிமாவே வராதே என்று தோன்றும். இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளிடம் அதையும் செய்து பார்த்தார்கள். 2020ல் முடிவு வந்தது. தினமும் தடவியவர்களுக்கும் தடவாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வந்த பிறகு தோலை வறளாமல் வைத்திருக்க க்ரீம் உதவுகிறது, வராமல் தடுக்கவில்லை. மிகக் கடுமையான எக்ஸிமாவுக்கு டுபிலுமாப் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் 2017ல் பெரியவர்களுக்கும், 2022ல் ஆறு மாதக் குழந்தை முதலும் அனுமதி பெற்றது. விலை மட்டும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்.

தாயின் தட்டைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வந்தாயிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2008ல் இருந்த ஆய்வுகளை எல்லாம் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது, 2019ல் அதைப் புதுப்பித்தது. குழந்தைக்கு எக்ஸிமா வராமல் தடுக்க, கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய் எந்த உணவையும் விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2019ல் எழுதினார்கள்.